இரண்டெழுத்துப் பெயரும் இயந்திர நாயும்

ஒகேனக்கல் என்பது கன்னடப் பெயர். புகையும் கல் என்பது பொருள். பாறையில் வீழ்ந்து சிதறும் காவிரியின் நீர்த்துகளைப் புகையெனக் கண்டோர் இட்ட பெயர் அது. தோற்றத்திற்குப் பெயரிட்டுவிடின் அது பொருளாய் நிலைத்துவிடுகின்றது. இவ்வருவியை ‘ரோஜா’ (1992) திரைப்படத்திற் கண்டோர் பலர். அதற்கு உரையாடல் எழுதிய சுஜாதா (1935–2008), சில ஆண்டுகள் முன்னரே, பெயரால் உயிர்பெறும் தோற்றங்களைக் கொண்டு ஒரு புனைகதை படைத்திருந்தார். அதன்பாற் சுவைஞர் கொண்ட ஈடுபாட்டை ஈண்டு ஆராய்வாம்.

1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்னர்த் தூர்தர்ஷனிலும் காட்டப்பெற்ற ‘என் இனிய இயந்திரா’வில், குடிகளின் பெயர் இரண்டெழுத்தைக் கடத்தலாகாது என்பது நெறி. நிலா, சிபி, ரவி, மனோ என்போர் மாந்தர். ஆட்சித் தலைவன் ஜீவா. அவனோ ஹோலோகிராம் எனும் வெற்று ஒளியுரு. ஜீனோ இயந்திர நாய். மனிதன், பொய்யுரு, பொறி ஆகிய மூன்றும் எழுத்தளவில் ஒன்றே. ஆகவே உயிருடையது எது என்பதைச் செயல்கொண்டே துணிய வேண்டியுள்ளது. நூல்களைக் கற்று நிலாவுக்குத் துணைநின்ற நாயையே வாசகர் தெரிந்துகொண்டனர். தொடர்கதைக்கு ஆசிரியர் ‘மீண்டும் ஜீனோ’ எனப் பெயரிட்டமை அத்தெரிவுக்கு அவரும் உடன்பட்டமையைக் காட்டும் என்பது எம் கருத்து. (பின்னதில் அந்நாயின் நகைமொழி சில இடங்களிற் கதையை விஞ்சுகின்றது.)

இவ்வீடுபாட்டை மேலைநாட்டு இரவல் என ஒதுக்குவாரும் உளர். ஐசக் அசிமோவின் தாக்கம் மறுத்தற்கில்லை. ஆயின் செங்கம் பகுதி எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து, கி.பி. 7-ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உளது. தொறுப்பூசலில் மாய்ந்த கருந்தேவகத்தியோடு அவன் நாயும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் எனக் கல்வெட்டே கூறும். நாய் என்றமையாது பெயரும் பொறித்தமை கருதத்தக்கது. நடுகற்கள் மலிந்த தருமபுரி அதற்கு அண்டைநிலமே. சுஜாதாவும் உரையாடல் எழுதிய ‘எந்திரன்’ (2010), தன்னைத்தானே பிரித்துக்கொண்ட சிட்டி 2030-இல் காட்சிக்கூடத்தில் நிற்பதாக முடிவதும் கல்நிறுத்தலின் வேறு வடிவே.

வேறுபாடு ஒன்று உண்டு. கோவிவன் உடையவன் பொருட்டு நின்றது. ஜீனோவோ உடையவனாகிய ரவியை விடுத்து நிலாவின் பக்கம் நின்றது. உடையவனுக்கு நன்றி பிறழாமையைக் கல்லிற் பொறித்த நாட்டில், ஆராய்ந்து பிறழும் நாயை வாசகர் நெஞ்சுவந்து ஏற்றது புதிது. அறிவியற் புனைகதை நம் வாசகரிடை விளைத்த மாற்றத்தைத் தேடுவார் பொறிகளின் வியப்பில் அன்றி இவ்விடத்தே தேடுதல் வேண்டும்.