யோபுவின் பாதி வசனம்

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சேடில்பேக் திருச்சபையை நிறுவிய ரிக் வாரன் 2002இல் வெளியிட்ட நூலைப்பற்றி நம் வாசகர்களுக்கு அறிமுகம் வேண்டியதில்லை. நோக்கத்தால் நடத்தப்படும் வாழ்வு எனப் பொருள்படும் தலைப்புடன், நாளொன்றுக்கு ஓர் அதிகாரமாக நாற்பது நாட்களுக்கு வகுக்கப்பெற்ற அந்நூல் கோடிக்கணக்கில் விற்பனையாயிற்று. நம் சபைகளின் ஞாயிறு அருளுரைகளிலும் வாலிபர் கூடுகைகளிலும் அதன் சாயல் இன்றும் தெரிகின்றது. ஒவ்வொரு மனிதனையும் கடவுள் ஒரு நோக்கத்துடனேயே படைத்தார் என்னும் விசுவாசத்தை அந்நூல் எவ்வாறு எடுத்துரைக்கின்றது என்பதை மட்டும் இங்கு ஆராய விழைகின்றோம்.

எவரும் தற்செயலாய்ப் பிறந்தவரல்லர் என்பது இரண்டாம் அதிகாரத்தின் வாதம். பெற்றோர் விரும்பாமற் பிறந்த பிள்ளையும் கடவுளால் விரும்பப்பட்ட பிள்ளையே என்று ஆசிரியர் கூறுவதை நாம் மனமார வரவேற்கின்றோம். பெண் சிசுவென்று ஒதுக்கப்பட்டவளுக்கும், தகப்பன் பெயர் அறியாதவனுக்கும் இச்சொல் நற்செய்தியே. ஆயின் ஆசிரியர் இத்துடன் நில்லாமல், உடலின் ஒவ்வொரு கூறும், இனமும் நிறமும், பிறப்பின் வேளையும் இறப்பின் வேளையும் தனித்தனியே திட்டமிடப்பட்டவை என்று விரித்துச் செல்கின்றார். இதற்கு அவர் துணைக்கழைப்பது 139ஆம் சங்கீதம்.

அச்சங்கீதத்தின் 15ஆம் வசனத்தில் மனித உடல் உருவாதலைக் குறிக்கும் எபிரெயச் சொல் ‘ராக்கம்’ என்னும் வேரிலிருந்து வருவது. யாத்திராகமம் 26இல் ஆசரிப்புக் கூடார வாசலின் தொங்குதிரைக்குச் செய்யப்படும் சித்திரத் தையலையும் இவ்வேரே குறிக்கின்றது. கருப்பையின் இருளில் கடவுள் பரிசுத்த ஸ்தலத்துத் திரையைப்போல் ஓர் உடலைத் தைக்கிறார் என்பது எத்துணை உயர்ந்த எண்ணம்! எனினும் சங்கீதக்காரன் இதைக் கடவுளிடமே, ‘நீர்’ என்று முன்னிலையில் அறிக்கையிடுகின்றான். பிறர் உடலைப்பற்றிய தகவலாக அறிவிக்கவில்லை. முதலாவது துதி, இரண்டாவது விளக்கம். தாயின் மடியில் கிடக்கும் ஊனமுற்ற குழந்தையைச் சுட்டி மூன்றாம் ஆள் ஒருவன், “இதுவும் திட்டமே” என்று சொல்லும்போது, சங்கீதத்தின் சொற்களே இருந்தும் சங்கீதம் இல்லாமற்போகின்றது. (சங்கீதத்தின் 19ஆம் வசனம் வருமுன் அருளுரையை முடித்துக்கொள்வது நம் போதகர் பலருக்கு வழக்கமாகிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

இவற்றினும் முக்கியமானது முப்பதாம் அதிகாரம். ஊழியத்திற்கென்றே நாம் வடிவமைக்கப்பட்டோம் என்பது அதன் பொருள். வரங்கள், இருதய நாட்டம், திறமைகள், ஆளுமை, அனுபவங்கள் ஆகிய ஐந்தும் சேர்ந்ததே அவ்வடிவம். அதிகாரத்தின் முகப்பில் யோபு 10:8 வைக்கப்பட்டுள்ளது. கடவுளின் கரங்கள் யோபுவை உருவாக்கின என்னும் முற்பகுதி மட்டுமே அங்குள்ளது. வசனத்தின் பிற்பகுதி எங்கே? உருவாக்கிய அதே கரங்கள் இப்பொழுது தன்னை அழிக்கின்றனவே என்பதல்லவா யோபுவின் முறையீடு? வசனத்தின் தொனியையே மாற்றும் சொற்கள் விடுபட்டுவிட்டன.

விடுபட்டதைச் சேர்த்து வாசித்தால் வேறொரு காட்சி எழுகின்றது. களிமண், உறையும் பால், தோல், சதை, எலும்பு, நரம்பு என்று கருவுருவாதலை யோபு நுணுக்கமாய் விவரிக்கின்றான். பின்னர் 13ஆம் வசனத்தில், இவையெல்லாவற்றிற்கும் பின்னே கடவுள் தம் உள்ளத்தில் ஒன்றை மறைத்து வைத்திருந்தார் என்கின்றான். ஆம், யோபுவும் தன் படைப்பில் ஒரு நோக்கம் இருந்ததென்றே நம்புகின்றான். அந்நோக்கமே அவனை நடுங்கச் செய்கின்றது. தான் பாவம் செய்கின்றானா என்று கண்காணிக்கவே படைத்தாரோ என்பது அடுத்த வசனத்தில் தொனிக்கும் ஐயம். ஆகவே நோக்கம் உண்டு என்பது மட்டும் ஆறுதலாகிவிடாது. ஈனவே ஈன்றாயோ என்று கேட்பவனிடம், காரணத்தோடுதான் ஈன்றேன் என்பது விடையாகுமா? தாயின் வயிற்றில் உருவாகுமுன் அறியப்பட்ட எரேமியாவும், 20ஆம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபிக்கின்றான்.

கடவுள் பெருங்காற்றிலிருந்து பேசும்போதும் யோபுவின் வாழ்க்கைத் திட்டத்தை வெளிப்படுத்தவில்லை. மனிதரில்லாத வனாந்தரத்தில் பெய்யும் மழையைப்பற்றிப் பேசுகின்றார் (38:26). எவருக்கும் பயன்படாத அம்மழையும் அவருடையது. பயன்பாட்டைக்கொண்டு படைப்பின் மதிப்பை அளக்கும் வழக்கத்திற்கு இதைவிடத் தெளிவான மறுப்பை நாம் அறியோம். வேதனையான அனுபவங்களையும் வாரன் தம் ஐந்தில் சேர்த்திருப்பது நேர்மையே; எனினும் வேதனையும் அங்கே ஊழியத்திற்கான முதலாகி விடுகின்றது. ஐந்தில் ஒன்றும் எஞ்சாமல், பெற்ற மகனையும் அடையாளம் காணாது படுக்கையில் கிடக்கும் முதியவர் எதற்கென்று வடிவமைக்கப்பட்டார்? 1647இல் நிறைவுற்ற வெஸ்ட்மின்ஸ்டர் சிறிய வினாவிடை, மனிதனின் முதன்மையான நோக்கம் யாதெனக் கேட்டு, கடவுளை மகிமைப்படுத்துவதோடு அவரில் என்றென்றும் மகிழ்வதையும் விடையில் வைத்தது. அப்பிற்பகுதிக்குத் திறமை எதுவும் வேண்டுவதில்லை. ஆராதனையை முதல் நோக்கமாக வைத்துத் தொடங்கிய வாரன், நான்காம் நோக்கத்திற்கு வரும்போது இதை நினைவிற்கொண்டிருந்தால், முப்பதாம் அதிகாரத்தை வேறுவிதமாய் எழுதியிருப்பார் என்றே எண்ணுகின்றோம்.

இந்நூலைத் தம் சபைகளில் நாற்பது நாள் தியானமாக நடத்துகின்ற போதகர்கள், முப்பதாம் நாளில் நூலைத் திறக்குமுன் யோபு 10ஆம் அதிகாரம் முழுவதையும் சபையாரோடு உரக்க வாசிக்கட்டும். அவ்வாசிப்பிற்குப்பின் சபையில் எவரேனும் அழுதால், அன்றைய பாடத்தை அடுத்த நாளுக்குத் தள்ளிவைப்பதில் தவறில்லை.