'மூர்' என்னும் பெயர்: பொருளும் வழக்கும்

அட்டாளைச்சேனை என்ற ஊர்ப்பெயர் உழைப்பின் மொழியில் அமைந்தது. அட்டாளை காவற்பரண், சேனை காடு வெட்டிச் செய்யும் பயிர்நிலம். ஆயின் அவ்வூரவரைக் குறிக்க ஆங்கிலப் பதிவேடுகள் வழங்கும் 'மூர்' என்னும் பெயர்ச்சொல்லோ அவர்தம் நாவிற் பிறந்ததன்று, பிறர் இட்டது.

'மௌருஸ்' என்னும் இலத்தீன் சொல் வட ஆபிரிக்காவின் மொறித்தானியா நிலத்தவனைக் குறித்தது. ஐபீரியாவில் முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் அது சமயத்தையும் சுட்டலாயிற்று. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் தாம் முன்னறிந்த அப்பெயரையே இங்குக் கண்ட முஸ்லிம்களுக்கும் இட்டனர். பிலிப்பைன்சில் ஸ்பானியர் வழங்கிய 'மோறோ'வும் இவ்வழிப்பட்டதே. சேக்ஸ்பியரின் ஒதெல்லோ 'மூர்' எனப்படுகையில் நிறமும் அயன்மையுமே முன்னிற்கின்றன. நிலம், சமயம், நிறம் என இடந்தோறும் பொருள் மாறிய சொல் இது.

இத்தகைய சொல் ஒரு மக்களின் தோற்றத்துக்குச் சான்றாகாது. எனினும் பெயரும் தோற்றமும் ஈழத்தில் அரசியலாயின. இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் வாதிட்டார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதனை மறுத்தெழுதினார். இடையே, 1889இல், சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனியுறுப்பினர் நியமிக்கப்பட்டார். எனவே 'இவர் யார்?' என்ற வினா ஏட்டளவில் நிற்கவில்லை. 'இவருக்காகப் பேசுபவர் யார்?' என்ற வினாவும் அதனுள் அடங்கியிருந்தது.

தமிழாக்கத்திலும் இச்சிக்கல் தொடர்கின்றது. 'மூர்' என்பதற்குச் 'சோனகர்' என எழுதுவது வழக்கு. அதுவும் 'யவனர்' என்பதன் திரிபென்பர்; கடல்கடந்து வந்தோரைச் சுட்டிய சொல் அது. தலைமுறை தலைமுறையாக வயலுழுது தமிழ் பேசி வாழ்வோரை இரு பெயர்களும் வந்தேறிகளாகவே காட்டுகின்றன. 'முஸ்லிம்' என்று பெயர்த்தாலோ மலாயரும் அதனுள் அடங்குவர். குடிசன மதிப்பீடு இனத்தையும் சமயத்தையும் வெவ்வேறாகக் கணக்கிடுவதை 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் காணலாம்.

ஆகவே ஒரே தமிழ்ச்சொல்லை எங்கும் பெய்தல் தவறு. போர்த்துக்கேயர் ஆவணத்தைப் பெயர்க்கையில் 'மூர்' என்றே நிறுத்துதல் தகும். அப்போதுதான் பெயரிட்டவரின் பார்வை மறையாது. குடிசன மதிப்பீட்டுக்குச் 'சோனகர்' பொருந்தும். அம்மக்களின் இன்றைய வாழ்வைப் பேசுமிடத்து, அவர்கள் தம்மைச் சுட்டும் 'முஸ்லிம்' என்ற சொல்லுக்கே முதலிடம் உரியது. அகராதி ஒரு சொல்லின் வரலாற்றைத் தரும்; அச்சொல்லால் அழைக்கப்படுவோரின் வரலாற்றை அவர்தம் வாழ்விலேதான் தேடவேண்டும்.