ஆற்றுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம்

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் ஹோர்டே என்றொரு பகுதி. அங்கே 24 ஹெக்டேர் பரப்புள்ள ஏரியின் கரையில், வீடு உயரத்துக்கு ஓர் இரும்புப் பானை நிற்கிறது. உருகிய இரும்பை எஃகாக்கிய கொள்கலன் அது. அது வேலை செய்த ஆலை இப்போது இல்லை. 1841இல் தொடங்கிய அந்த வளாகத்தில் 2001இல் எஃகு உற்பத்தி நின்றது. சீனாவிலிருந்து நூற்றுக்கணக்கில் தொழிலாளர்கள் வந்து, ஆலையைத் திருகு திருகாகக் கழற்றிக் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். வெறுமையாய்க் கிடந்த இடத்தைத் தோண்டி, 2010 அக்டோபரில் தண்ணீர் விடத் தொடங்கினார்கள். 2011 மே மாதம் ஃபீனிக்ஸ் ஏரி மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பல பத்தாண்டுகள் ஆலைக்கு அடியில் குழாய்க்குள் அடைபட்டு ஓடிய எம்ஷெர் ஆறு, இன்று ஏரியின் ஓரமாக வெயில் பட ஓடுகிறது.

கரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் மேட்டுச் சரிவில் வெள்ளை வெள்ளையாய்ப் புது வீடுகள், பெரிய கண்ணாடிச் சன்னல்கள், ஏரியைப் பார்த்த மொட்டை மாடிகள். திரும்பிச் சில தெருக்கள் நடந்தால், உலையில் வெந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் பழைய ஹோர்டே. அங்கே அரசு உதவித்தொகையை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். ஏரி எல்லோருக்கும் பொது, நடைபாதைக்குக் கட்டணமில்லை. ஆனால் ஏரி வந்ததால் பெருகிய செல்வம் யார் வீட்டுக்குப் போனது என்ற கேள்விக்குப் பதில், கரையில் நின்றாலே தெரிந்துவிடுகிறது.

டோர்ட்மண்டை உள்ளடக்கிய ரூர் என்ற நிலக்கரி, எஃகு வட்டாரத்தில் பொதுப்பணத்தைக் கொண்டு நடந்த மறுசீரமைப்பை உலகமே முன்மாதிரியாகக் காட்டுகிறது. சுற்றுச்சூழலையும் மீட்டார்கள், பின்தங்கிய மக்களையும் சேர்த்துக்கொண்டார்கள் என்பது அந்தப் பாராட்டின் சாரம். முதல் பாதியை மறுக்க எனக்குக் காரணமில்லை. இரண்டாம் பாதியைத்தான் உரசிப் பார்க்க வேண்டும். அதற்கு மூன்று கேள்விகள் போதும். நீரும் நிலமும் உண்மையிலேயே மீண்டனவா? செலவான பணம் யாருடையது, அதன் பலன் யாரிடம் போய்ச் சேர்ந்தது? சுரங்கமும் உலையும் கைவிட்ட மக்களுக்கு வீட்டிலும் வேலையிலும் முடிவெடுப்பதிலும் இடம் கிடைத்ததா?

முதலில் ஆறு. ஹோல்ட்ஸ்விக்கெடேயில் பிறந்து ரைனில் கலக்கும் எம்ஷெர், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுள்ள சிற்றாறு. நிலத்துக்கு அடியில் நிலக்கரி வெட்ட வெட்ட, மேலே நிலம் மீட்டர் கணக்கில் தாழ்ந்தது. தாழும் நிலத்தில் சாக்கடைக் குழாய் புதைத்தால் அது உடைந்துபோகும். ஊர்களோ பெருகிக்கொண்டே இருந்தன, தொற்றுநோய்களும் பரவின. 1899இல் நகராட்சிகளும் சுரங்கங்களும் தொழிற்சாலைகளும் சேர்ந்து எம்ஷெர் கூட்டமைப்பை நிறுவி ஒரு முடிவுக்கு வந்தன: ஆற்றையே திறந்த சாக்கடையாக்குவது. வளைவுகளை நிமிர்த்தி, அடியில் கான்கிரீட் பாவி, இருபுறமும் கரை எழுப்பி, வேலி போட்டு, உயிருக்கு ஆபத்து என்று பலகை மாட்டினார்கள். கிளை ஓடைகளை உள்ளூர்க்காரர்கள் 'மலவாய்க்கால்' என்ற பொருள்பட ஒரு கொச்சைப் பெயரால் அழைத்தார்கள். மூன்று நான்கு தலைமுறைகள் அந்த நாற்றத்தோடு வளர்ந்தன.

சுரங்கத் தொழில் வடக்கே நகர்ந்து, நிலம் தாழ்வது நின்ற பிறகுதான் மாற்றுவழி பிறந்தது. 1992இல் பணி தொடங்கியது. டோர்ட்மண்டிலிருந்து டின்ஸ்லாக்கன் வரை 51 கிலோமீட்டருக்கு, சில இடங்களில் 40 மீட்டர் ஆழத்தில், கழிவுநீருக்கென்று தனிப் பெருங்குழாய் பதித்தார்கள். அதனுடன் இணையும் குழாய்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். சுத்திகரிப்பு நிலையங்களையும் புதிதாகக் கட்டினார்கள் அல்லது புதுப்பித்தார்கள். 2021 இறுதியில் ஆற்றில் கழிவுநீர் கலப்பது அறவே நின்றது. மறு ஆண்டு, ரைனில் கலக்கும் முகத்துவாரத்தையும் மாற்றியமைத்தார்கள். மீன் ஏற முடியாத செங்குத்து வீழ்ச்சி இருந்த இடத்தில் இப்போது அகன்ற வெள்ளச்சமவெளி இருக்கிறது. மேல்பகுதி ஓடைகளில் தப்பிப் பிழைத்திருந்த குரோப்பே என்ற சிறு மீனினம் மறுபடி ஆற்றில் காணப்படுகிறது. தூய்மைக்குச் சான்றிதழ் தர அந்த மீனைவிடத் தகுதியுள்ளவர் யார்?

ஆனாலும் இங்கே ஒரு வரம்பைச் சொல்லியாக வேண்டும். தாழ்ந்த நிலம் மறுபடி எழும்பாது. தண்ணீரை இறைக்கும் பம்புகளை நிறுத்தினால், எம்ஷெர் வட்டாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வெள்ளக்காடாகிவிடும். ஜெர்மானியர் இதை நித்தியச் சுமை என்றே குறிப்பிடுகிறார்கள். சுரங்க நீரை இறைப்பது போன்ற முடிவில்லாத செலவுகளுக்காகவே 2007இல் ஓர் அறக்கட்டளையை நிறுவினார்கள். ஆகவே இதை இயற்கையின் மீட்சி என்று முழங்குவதைவிட, காயத்துக்கு வாழ்நாள் முழுதும் கட்டுப்போட ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்பது பொருத்தம். அந்த ஏற்பாட்டைச் செய்ததே பெரிய நேர்மை. முதல் கேள்வியில் திட்டம் தேறுகிறது.

இரண்டாவது, பணம். ஆற்றை மீட்க ஆன செலவு சுமார் 550 கோடி யூரோ. மாநிலமும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒரு பகுதியைத் தந்தன. ஐரோப்பிய முதலீட்டு வங்கி நீண்டகாலக் கடன் கொடுத்தது. பெரும்பகுதி கூட்டமைப்பின் உறுப்பினர்கள் கட்டும் பங்குத்தொகையிலிருந்து வந்தது. நகராட்சிகள் தங்கள் பங்கை, வீடுகளிடம் வாங்கும் கழிவுநீர்க் கட்டணத்தில் ஏற்றின. அதாவது, ஒவ்வொரு குடித்தனமும் தண்ணீர் புழங்கிய அளவுக்கு முப்பது ஆண்டுகளாக இந்த ஆற்றுக்குக் கப்பம் கட்டியிருக்கிறது. வருமானம் பார்த்து வாங்கும் வரியாக இருந்தால் வசதியுள்ளவர் கூடுதலாகக் கொடுத்திருப்பார். தண்ணீர் அளவை வைத்து வாங்கும் கட்டணம் ஏழை வீட்டின் வருமானத்தில்தான் பெரிய துண்டைக் கடிக்கும். மாசுபடுத்தியவர் கொடுக்கட்டும் என்ற விதி சரியானதே. ஆனால் அதிகம் மாசுபடுத்திய சுரங்கங்கள் மூடிப்போன பின், மிஞ்சியவர்கள் தலையில் அந்தப் பாரம் இறங்கியது.

இதே காலத்தில் இன்னொரு கை நிலத்தின் மேல் வேலை செய்தது. நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநில அரசு 1989இல் தொடங்கிய 'எம்ஷெர் பூங்கா' பன்னாட்டுக் கட்டடக் கண்காட்சி பத்தாண்டுகள் நடந்தது. கார்ல் கான்ஸர் தலைமையில் 17 நகரங்கள், ஏறத்தாழ 120 திட்டங்கள், சுமார் 500 கோடி மார்க் முதலீடு, அதில் மூன்றில் இரண்டு பங்கு பொதுப்பணம். தலைமை அமைப்பு சிறியது, கையில் பெரிய நிதி கிடையாது. ஏற்கெனவே இருந்த அரசு நிதித் திட்டங்களை ஒன்றுதிரட்டி, தரமுள்ள முன்மொழிவுகளுக்கு முன்னுரிமை வாங்கித் தருவதே அதன் வேலை.

அதன் மிகச் சிறந்த விளைவு டூயிஸ்பர்க்கின் மைடெரிஷ் இரும்பாலை. 1985இல் அணைந்த உலைகளை இடித்துத் தள்ளாமல், நிலத்தோற்றக் கலைஞர் பீட்டர் லாட்ஸ் ஆலையையே பூங்காவாக்கினார். 1994இல் அது திறந்தது. உலையின் உச்சி வரை படியேறிப் போகலாம். தாதுக் கிடங்கின் கான்கிரீட் சுவர்களில் மலையேற்றம் பழகுகிறார்கள். எரிவாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மூழ்கு நீச்சல் கற்றுத் தருகிறார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே பூர்ச்ச மரங்கள் தாமாக முளைத்திருக்கின்றன. இரவும் பகலும் திறந்திருக்கும் அந்தப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒருகாலத்தில் காவலாளியைத் தாண்டித்தான் உள்ளே போக முடிந்த இடத்தில், அன்றைய தொழிலாளியின் பேத்தி கேட்காமலே நுழைகிறாள். அவமானச் சின்னமாகக் கருதப்பட்ட ஆலையைப் பெருமைக்குரிய சொத்தாக நிலைநிறுத்தியதும் ஒருவகையில் மக்களைச் சேர்த்துக்கொண்டதுதான். அதைக் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

மூன்றாவது கேள்வியில்தான் தராசு ஆடுகிறது. நல்ல சான்று ஒன்றை முதலில் வைக்கிறேன். கெல்சன்கிர்ஷனில் ஹூகோ சுரங்கத்தை ஒட்டி ஷூங்கெல்பெர்க் என்ற தொழிலாளர் குடியிருப்பு. குடியிருந்தவர்களில் பலர் துருக்கியிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தினர். பழைய வீடுகளைப் பழுதுபார்த்துப் பக்கத்திலேயே சுமார் 200 புது வீடுகள் கட்டினார்கள். பாழாய்க் கிடந்த ஓடையைச் சீராக்கினார்கள். பின்னாலிருந்த கழிவு மண்மேடு ஏறி உலாவும் குன்றானது. இவை எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்றுண்டு. வாடகைக்கு வரம்பு வைத்தார்கள், இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே தொடர உரிமை கொடுத்தார்கள். ஓடை தெளிந்ததற்காக யாரும் வீட்டைக் காலி செய்ய நேரவில்லை. குறைந்த வருமானக் குடும்பங்கள் தாங்களே கைகொடுத்துக் கட்டிய வீடுகள், பெர்க்காமெனில் பெண்களே வரைந்து திட்டமிட்ட குடியிருப்பு ஆகியவையும் இந்த வரிசையில் வருபவை.

இப்போது ஹோர்டேக்குத் திரும்புவோம். ஃபீனிக்ஸ் ஏரி கண்காட்சி முடிந்த பின் நகரம் எடுத்த திட்டம். பொது மானியம் வந்தது. மீதிச் செலவைக் கரையோர மனைகளை விற்று ஈடுகட்டுவது என்பது கணக்கு. நகரத்துக்குச் சொந்தமான நிறுவனமே மனைகளை விற்றது. அந்த ஒரு கணக்கு எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டது. மனை எவ்வளவு உயர்ந்த விலைக்குப் போகிறதோ அவ்வளவுக்குத் திட்டம் வெற்றி என்றால், ஏழைக்கு இடம் ஒதுக்குவது நட்டக் கணக்காகிவிடும். யாரும் யாரையும் விரட்டவில்லை. விலையே அந்த வேலையைச் செய்தது. பொதுப்பணத்தால் நிலத்தின் மதிப்பு உயர்ந்தது, அந்த உயர்வு தனியார் பத்திரங்களில் பதிவானது. புதுக் குடியிருப்புகளில் ஒரு பங்கு குறைந்த வாடகை வீடுகளாக இருக்க வேண்டும் என்ற விதியைப் பின்னாளில் டோர்ட்மண்ட் கொண்டுவந்தது. ஏரிக்கரை மனைகள் பெரும்பாலும் கைமாறிய பிறகு வந்த ஞானம் அது.

வேலை விஷயத்தில் நிலைமை இன்னும் கடுமை. 1950களின் இறுதியில் ரூர் சுரங்கங்களில் ஏறக்குறைய 5 லட்சம் பேர் உழைத்தார்கள். 2018 டிசம்பர் 21 அன்று போட்ரோப்பில் கடைசிச் சுரங்கம் மூடியது. அருங்காட்சியகமும் பூங்காவும் அறிவியல் மையமும் அந்த எண்ணிக்கைக்கு ஈடாகவில்லை. வட்டாரத்தைக் கிழக்கு மேற்காக வெட்டும் ஏ40 நெடுஞ்சாலையைச் சமூகத்தின் நிலநடுக்கோடு என்கிறார்கள். அதற்குத் தெற்கே வசதி, வடக்கே எம்ஷெர் ஓடும் பக்கம் வறுமை. இத்தனை திட்டங்கள் நடந்தும் கோடு அழியவில்லை. எம்ஷெர் கரையின் கெல்சன்கிர்ஷன், தலைக்கு வருமானத்தில் ஜெர்மனியின் கடைசி இடங்களிலேயே பல காலமாக நிற்கிறது. வேலையின்மை அங்கே நாட்டுச் சராசரியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானதும்கூட. சாக்கடையைச் சீராக்க வந்த அமைப்பிடம் வேலையின்மைக்குக் கணக்குக் கேட்கலாமா? நிலக்கரியின் வீழ்ச்சி உலகச் சந்தையின் விளைவு, எந்தப் பூங்காவும் அதைத் தடுத்திருக்காது. இந்தச் செலவு இல்லாதிருந்தால் வறுமையோடு நாற்றமும் மிஞ்சியிருக்கும். முழுதும் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் வேலையின்மையைத் திட்டத்தின் குற்றப்பத்திரிகையில் சேர்க்காமல், அதன் எல்லைகளைக் காட்டும் அளவுகோலாக மட்டும் வைக்கிறேன். ஆனால் கரையோர மனையை யாருக்கு, எந்த நிபந்தனையில் விற்பது என்பதை உலகச் சந்தை தீர்மானிக்கவில்லை. அது நகர மன்றத்தின் கையில் இருந்த முடிவு. ஷூங்கெல்பெர்க்கில் முடிந்தது ஹோர்டேயில் முடியாமல் போக இயற்கைக் காரணம் எதுவும் இல்லை.

ஆற்றை மீட்ட பணியையும் மக்களைச் சேர்த்துக்கொள்ளும் பணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை புலப்படுகிறது. ஆற்றுக்கு நூறாண்டு வயதுள்ள நிறுவனம் பொறுப்பேற்றது. ஆண்டுதோறும் தவறாமல் வரும் வருமானம், சட்டத்தின் துணை, முப்பது ஆண்டுக்கான கால அட்டவணை எல்லாம் இருந்தன. ஆட்சி மாறினாலும் குழாய் பதிப்பது நிற்கவில்லை. மக்களைச் சேர்த்துக்கொள்ளும் பணிக்கு அப்படி எதுவும் அமையவில்லை. அது திட்டம் திட்டமாக வந்தது, நிதி தீர்ந்ததும் போனது. கூட்டமைப்பில் வாக்கு, கட்டும் தொகைக்கேற்ப. வாடகை வீட்டுக்காரருக்கு அங்கே நேரடிக் குரல் இல்லை. தண்ணீர் தெளிந்தால் ஊர் தானாகவே செழிக்கும் என்று நம்பினார்கள். தெளிந்த தண்ணீர் முதலில் உயர்த்துவது நிலத்தின் விலையை.

ஆகவே என் தீர்ப்பு இது. சுற்றுச்சூழல் மீட்சியாக எம்ஷெர் திட்டம் நம் காலத்தின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்று, செலவான ஒவ்வொரு யூரோவுக்கும் அது தகும். மக்களைச் சேர்த்துக்கொண்ட திட்டமாக அதைப் புகழ்வது பாதி உண்மை. வாடகை வரம்பும் குடியிருப்பு உரிமையும் எழுதிவைத்த இடங்களில் அது வென்றது, நல்லெண்ணத்தையும் சந்தையையும் நம்பிய இடங்களில் தோற்றது. பின்பற்ற விரும்புகிறவர்கள் ஃபீனிக்ஸ் ஏரியின் படத்தைச் சுவரில் மாட்டுவதற்கு முன் ஷூங்கெல்பெர்க்கின் குடியிருப்பு நிபந்தனைகளைப் படிக்க வேண்டும்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க முடியும். எம்ஷெர் கரையில் ஊர் கூடித்தான் இழுத்தது. கெல்சன்கிர்ஷனின் ஏழைக் குடித்தனமும் தன் தண்ணீர்க் கட்டணத்தில் வடம் பிடித்திருக்கிறது. தேர் நிலைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அது எந்தத் தெருவில் நின்றது என்பதையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் திருவிழா நன்றாக நடந்தது என்று சொல்ல வேண்டும்.