உப்பில்லாக் கீரையில் தொடங்கும் வழி

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் சைக்கிள் ஓட்டுகிற எல்லோரிடமும் ஒரு திட்டம் தயாராகிவிடும். வருகிற வருஷம் 5,000 கிலோமீட்டர். கொஞ்சம் வெறி பிடித்தவர்களுக்கு 10,000. முதலில் ஒரு 200 கிலோமீட்டர் பிரெவே. முடிந்தால் அதே சீசனில் 300, 400, 600 என்று நான்கையும் முடித்து ‘சூப்பர் ராந்தொனர்’ ஆகிவிடுவது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் 2027இன் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ்: 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம். நடுவில் ஏதாவது ஒரு நீண்ட வார இறுதியில் சென்னையிலிருந்து ஈசிஆர் வழியாகப் புதுச்சேரி.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். இலக்கை எண்ணாக்கி, எண்ணை வாரங்களாக உடைத்து, எக்ஸெல் கட்டங்களில் நிரப்புவதுதான் அலுவலகத்தில் என் வேலையும். அதனாலேயே இந்தத் திட்டங்களை ஒரு எழுத்து வகையாக வாசிக்கத் தோன்றுகிறது. தூரம், உயரம், சராசரி வேகம், இதயத் துடிப்பு எல்லாம் இருக்கின்றன. ஆனால் 365 நாள் திட்டத்தில், ஓட்டுகிறவரைத் தவிர வேறு ஒரு மனுஷர்கூடத் தலைகாட்டுவதில்லை.

வழித்திட்டம் எழுதுவதற்கென்றே தமிழில் பழைய வகை ஒன்று இருக்கிறது: ஆற்றுப்படை. ‘ஆறு’ என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒரு கலைஞன், எதிரே பசியோடு வரும் இன்னொரு கலைஞனிடம், ‘இப்படிப் போ, இன்னாரைப் பார்’ என்று சொல்வது. 1889இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த பத்துப்பாட்டில் சரிபாதி, ஐந்து பாட்டுகள், இந்த வகைதான். அவற்றில் ஒன்றின் வழி, நாம் வார இறுதியில் தாண்டிப்போகும் இதே உப்பளக் கரையில் செல்கிறது.

நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை. 269 அடிகள். பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். பாணன் போகவேண்டிய ஊர்கள் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கடைசியில் கிடங்கில். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணத்தை ஒட்டிய கரை என்றும், வேலூர் உப்புவேலூர் என்றும், கிடங்கில் திண்டிவனத்தின் ஒரு பகுதி என்றும் அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். புலவரின் ஊரான இடைக்கழிநாடு, ஈசிஆரில் மரக்காணத்துக்குச் சற்று வடக்கே, கடப்பாக்கம் பக்கம் இருக்கிறது. மரக்காணத்திலிருந்து திண்டிவனம் சுமார் 35 கிலோமீட்டர். உப்புவேலூருக்காகக் கொஞ்சம் வளைந்து போனாலும், காலை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டு டிபன் சாப்பிடலாம். ஸ்ட்ராவா கணக்கில் இது ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை.

அந்தச் சாதாரண வழியைப் பாட்டு எந்த அலகில் அளக்கிறது என்று பாருங்கள். எயிற்பட்டினத்தில், அலை ஒதுக்கிய அகில் மரங்கள் ஒட்டகம் படுத்துத் தூங்குவதுபோலக் கிடக்கும். அவற்றை விறகாக்கி நுளைமகள் வடித்த தேறலும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும். வேலூரில் எயிற்றியர் சமைத்த புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டுப் பெண் தன் பிள்ளைகளை விட்டு உங்களை வழிமறிக்கச் செய்து, வெள்ளைச் சோறும் நண்டும் தருவாள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மூன்று தகவல்: அங்கே யார் இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள். எத்தனை காதம் என்ற பேச்சே இல்லை.

பிரெவேயிலும் நிறுத்தங்கள் உண்டு. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்தில் முடிக்க வேண்டும். வழியில் கட்டுப்பாட்டுப் புள்ளிகளில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். முத்திரை குத்த ஆள் இல்லாத இடத்தில் டீக்கடை பில்லே சாட்சியாகிவிடும். அந்த பில்லில் நேரம் இருந்தால் போதும். டீ போட்டவர் யார் என்பது அட்டைக்குத் தேவையில்லாத விவரம்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு வரும். பாணன் பசிக்காக நடந்தான். நாம் ஆசைக்காக ஓட்டுகிறோம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? பாட்டே அந்த வித்தியாசத்தை அடிக்கோடிட்டுத்தான் போகிறது. பாணன் விட்டுவந்த வீட்டில், குப்பையில் முளைத்த வேளைக் கீரையை அவன் மனைவி உப்பில்லாமல் வேகவைக்கிறாள். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வெட்கப்பட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு சாப்பிடுகிறாள். உப்பு இல்லாத வீட்டிலிருந்து புறப்பட்டவனின் வழி, இன்றைக்கு உப்பு விளைகிற கரையைத் தொட்டுப் போகிறது. பசியின் அதிகாரத்தில் அவன் கேட்ட விருந்தோம்பலை நாம் கேட்க முடியாது. காசு கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும். ஆனால் வழியை மனிதர்களால் எண்ணும் பழக்கத்தைக் கடன் வாங்கலாம், அதற்குப் பசி நிபந்தனை இல்லை.

1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் போன உப்பு நடைப்பயணமும் இந்த அலகில்தான் நகர்ந்தது. ஏப்ரல் 13 முதல் 28 வரை. தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் எச்சரித்தார். ஒரு பயணத்தை நிறுத்த எங்கே கைவைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஊர்க்காரர்களுக்கும் தெரிந்திருந்தது, தடையை மீறிச் சோறு போட்டார்கள்.

சிறுபாணாற்றுப்படையை இவ்வளவு தூரம் கொண்டாடியாயிற்று. அதன்மேல் எனக்கு இருக்கும் புகாரையும் சொல்லிவிட வேண்டும். கைவேலையைக் கூர்ந்து பார்க்கத் தெரிந்த பாட்டு அது. நல்லியக்கோடன் கடைசியில் தரும் தேரை வர்ணிக்கும்போது, சக்கரத்தின் குடத்தில் பதிந்த உளித் தழும்பு, ஆரக்கால், இரும்பு விளிம்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது. ஹப், ஸ்போக், ரிம் என்று பேசிக்கொண்டே இருக்கும் நமக்கு அந்த இடம் தித்திக்கும். உப்பு வணிகரான உமணரும் பாட்டில் வருகிறார்கள். அவர்களுடைய வண்டியோடு வந்த மந்தி, உமணர் பிள்ளைகளோடு சேர்ந்து, முத்தை உள்ளே வைத்து மூடிய சிப்பியைக் கிலுகிலுப்பையாக ஆட்டி விளையாடுகிறது. அழகான காட்சி. ஆனால் உப்பை விளைவிக்கிற ஆள் 269 அடிகளில் எங்கேயும் இல்லை. வழியில் வருகிறவர்கள் எல்லோரும் பாணனுக்குச் சோறு போடுவதற்காகவே வருகிறார்கள்; போட்டதும் பாட்டு நகர்ந்துவிடுகிறது, ஏனென்றால் அதன் கண் புரவலனின் வாசலில் இருக்கிறது. உப்பளத் தொழிலாளியின் வாழ்க்கைக்குள் போய் நின்று பார்க்க, ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ நாவலுக்கு வரவேண்டும். அதுவும் தூத்துக்குடிக் கரை.

நம் புகைப்படங்களிலும் இதே விடுபடல்தான். மரக்காணத்தில் சைக்கிளை வரப்பில் சாய்த்து, பின்னால் வெள்ளைக் குவியல், பாத்தியில் வானத்தின் நிழல். குவியலைச் சுமந்து கொட்டிய தலை சட்டகத்துக்கு வெளியே நிற்கும்.

அந்தத் தலைக்கும் ஒரு வருடத் திட்டம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், நாம் தீர்மானங்கள் எழுதும் அதே நாட்களில், அளத்தில் வேலை தொடங்குகிறது. சேற்றை வாரி, வரப்பைக் கட்டி, பாத்தியின் களிமண் தரையை மிதித்து இறுக்க வேண்டும். பிறகு உப்புநீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காய்ச்ச வேண்டும். கடல்நீர் போமே அளவில் 3 டிகிரி சொச்சம் இருக்கும். 25ஐத் தொடும்போது உப்பு பூக்கும். 30ஐ நெருங்கும்போது மிச்சநீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். கோடை முழுக்க வாருதல், சுமத்தல், குவித்தல். ஒரு கோடைமழை போதும், பாத்தியில் கிடப்பது கரைந்து, நீரின் டிகிரி இறங்கி, எண்ணிக்கை பின்னோக்கிப் போய்விடும். எந்த எக்ஸெல் கட்டமும் அதைத் தடுக்காது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பாத்திகள் தண்ணீருக்குள் கிடக்கும், கூலி கிடையாது. அந்த மாதங்களுக்காகத் தமிழக அரசு ஒரு தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. நாமோ அதே மழையில் ‘சீசன் ஆரம்பம், கிளைமேட் சூப்பர்’ என்று டயருக்குக் காற்றடிக்கிறோம்.

சரி, எண்களை அழித்துவிடலாமா? தேவையில்லை. 5,000 இருக்கட்டும். அதோடு இன்னொரு பத்தியும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறேன். புது ஊர்களாகக் குவிப்பதற்குப் பதிலாக, எயிற்பட்டினத்திலிருந்து கிடங்கில் வரைக்குமான அதே வழியை ஒரே வருஷத்தில் நான்கு முறை ஓட்டலாம். ஜனவரியில் வரப்பு கட்டும்போது. மே மாதம் உப்பு வாரும்போது. அந்த வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும், நாமும் அந்த நேரத்துக்குப் போக வேண்டும். செப்டம்பரில் வேலை ஓயும்போது. நவம்பரில், பாத்தி முழுக்கத் தண்ணீராகி, 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி ஏரி நிரம்பிக் கிடக்கும்போது. படம் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். வரப்பில் ஏற்றக் கூடாது. ஈர வரப்பில் டயர் பதிந்தால் அதைச் சரிசெய்ய இன்னொருவர் குனிய வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர் பத்திக்குப் பக்கத்தில் மூன்றே கட்டங்கள்: யாரைப் பார்த்தேன், அவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார், என்ன சாப்பிட்டோம். ஜனவரிக் கட்டமும் நவம்பர்க் கட்டமும் ஒரே மாதிரி இருந்தால், வழியைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.