இரண்டு சொற்கள்

1897இன் தொற்றுநோய்ச் சட்டத்தை ஒரு பிரதியாக வாசித்தேன். அன்று மொத்தம் நான்கே பிரிவுகள். ரயிலில் வருகிறவருக்கு நோயிருப்பதாகச் சோதிக்கிற அதிகாரி 'சந்தேகப்பட்டால்' போதும், பிரித்து வைக்கலாம். எத்தனை நாள், யாரிடம் முறையிடுவது, பேச்சேயில்லை. நல்லெண்ணத்தில் செய்த அதிகாரிமேல் வழக்குப் போடக்கூடாது என்பதற்கு மட்டும் தனிப்பிரிவு!

சந்தேகத்துக்குச் சாதியில்லையா? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம்ம சனத்தை மண்டபம் முகாமில் நாள்கணக்காய் நிறுத்தி அம்மை குத்தினார்கள். அது இலங்கை அரசு நடத்திய முகாம், சட்டம் வேறு. ஆனால் சந்தேகிக்கப்பட்டது நோயாளி அல்ல, கூலிக்காரர்கள் அத்தனை பேரும்.

2020இல் கொரோனாவுக்கு அந்த 1897 சட்டத்தைத் தூசி தட்டினார்கள். கூடவே 'சமூக இடைவெளி' என்றொரு சொல். சங்கரன்கோவில் பக்கத்துக் காலனிக்காரன் எனக்கு இது புதுசா? நோய் பரவாம இருக்க ஒதுங்கணும், சரி. ஒதுங்க வேண்டியது உடம்பு. உடம்பு என்றே எழுதினால் என்னவாம்?