கூட்டு மருந்தும் அதன் சான்றும்

மருந்தொன்றன் பயனை அதன் பழமை கொண்டு துணிதல் ஒருவகை மயக்கம். அதன் சாறு ஒருகாற் சோதனையில் தோற்றமை கொண்டு மருந்து முழுவதையும் இகழ்தல் மற்றொரு வகை மயக்கம். நாடிகள் தடித்து இறுகும் நோய்க்கு மூலிகைகளைக் கூட்டியளிக்கும் முறைபற்றி எழும் வாதங்கள் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றன்பாற் சாய்வனவே.

பாலமுனை முதலிய கீழைக்கரை ஊர்களில் உள்ளியும் இஞ்சியும் வெந்தயமும் கறிச்சரக்குகள். மருந்துச் சரக்குகளும் அவையே. உள்ளி, இஞ்சி, தேசிக்காய் என்பவற்றின் சாற்றைக் காய்ச்சித் தேன் கலந்து உண்ணின் நாடியடைப்பு நீங்குமென்னும் கூற்று தமிழர் பலரிடை வழங்குகின்றது. ஆதாரம் யாதெனின், முன்னோர் கண்டதென்பர். அவ்விடையின் வலிமையை அளந்தறியக் குக்குலு என்னும் பிசினின் வரலாறு துணைசெய்யும்.

கொழுப்பு மிகுதலால் உடலின் வழிகள் அடைபடும் என்னும் கருத்துச் சுசுருத சங்கிதையில் உண்டு. அதனை நாடித்தடிப்போடு ஒப்பிட்ட ஜி. வி. சத்தியவதி, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1966இல் அளித்த ஆய்வில், குக்குலு முயல்களின் குருதிக் கொழுப்பைக் குறைத்தமையைக் காட்டினார். பின்னர் அதன் சாறு இந்தியாவில் மருந்தாக விற்பனைக்கு வந்தது. ஆயின், அமெரிக்காவில் 103 பேரிடம் 8 வாரம் நிகழ்ந்து 2003இல் வெளியான சோதனையில், அச்சாற்றை உண்டோரின் தீய கொலஸ்திரோல் குறையாது சிறிது உயர்ந்தது. சிலருக்குத் தோலிற் சொறியும் கண்டது.

இத்தீர்ப்பு எதன்மேற் சென்றது என்பதே ஆராயற்பாலது. சோதிக்கப்பட்டது தனிச்சாறு. பண்டை வைத்தியரோ குக்குலுவைக் கடுக்காய், நெல்லி, தான்றி, திப்பிலி என்பவற்றோடு கூட்டி, உணவு நெறியும் விதித்து அளித்தனர். ஆகவே தனிச்சாற்றின் தோல்வி கூட்டு மருந்தின் தோல்வி ஆகாது. ஆயினும் அது கூட்டு மருந்தின் வெற்றியும் ஆகாது. 'கூட்டைச் சோதித்திலர்' என்பார், அதனைச் சோதனைக்கு உட்படுத்தும் கடமையையும் ஏற்றல் வேண்டும். குருதியிற் கொழுப்புக் குறைதல் வேறு, நாடியில் இறுகிய படிவு கரைதல் வேறு. உள்ளி முன்னதைச் சிறிதளவு செய்யக்கூடும். அதுகொண்டு பின்னதும் நிகழுமெனல் பொருந்தாது.

பொருள்கள் கூடுந்தோறும் இடரும் கூடும். உள்ளியை மிகுதியாக உண்ணின் குருதி உறைதல் தாமதிக்கும். வார்பரின், அஸ்பிரின் உண்போர்க்கு இது குருதிப்பெருக்கு விளைத்தல் கூடும். குக்குலுவோ புரொப்பிரனலோல், டில்தியாசெம் என்னும் இதய மருந்துகள் குருதியிற் சேரும் அளவைக் குறைக்கும். வைத்தியசாலை மாத்திரையையும் பரிகாரியின் கியாழத்தையும் ஒருவர் மற்றவர் அறியாவண்ணம் உண்பவன், இருவர் அறிவின் பயனையும் இழக்கிறான்.

இலங்கையின் 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம் சித்தத்தையும் யூனானியையும் தன்னுள் அடக்கி மதிப்பளித்தது. மதிப்புப் பெற்ற கலை சோதனைக்கு அஞ்சுதல் தகாது. கூட்டிய மருந்தைக் கூட்டியவாறே, உரிய அளவோடும் பத்தியத்தோடும் சோதித்து, விளைவு எதுவாயினும் வெளியிடுவதே முன்னோர்க்குச் செய்யும் நன்றியாகும்.