ஓர் ஆளின் எல்லை: பிராய்டை மாந்தைக் கரையிலிருந்து வாசித்தல்

பாப்பாமோட்டையில் ஒருவனைப் பற்றி விசாரித்தால் அவனைப் பற்றி மட்டும் பதில் வராது. "தேப்பன்ட குணம் அப்பிடியே" என்பார்கள். "தாய்மாமன் வளர்த்த பிள்ளையெல்லோ" என்பார்கள். இடம்பெயர்ந்து திரும்பியவன் என்றால், "முகாமுக்குப் போய் வந்தாப் பிறகு ஆள் வேற" என்பார்கள். மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் வீதியில், விடத்தல்தீவை அண்டிய இந்தச் சிற்றூருக்கு மட்டும் உரிய பேச்சல்ல இது. தமிழ் பேசும் எந்த ஊரிலும் கேட்கலாம். கவனித்துக் கேட்டால் இதற்குள் ஓர் ஆளுமைக் கோட்பாடே இருக்கிறது. குணம் ஒருவனுக்குள் பூட்டிக் கிடப்பதில்லை. பெற்றவர், வளர்த்தவர், ஊர், தண்ணீர், பட்ட துன்பம் எல்லாவற்றிலிருந்தும் ஏறுவது, ஏறியது இறங்கவும் கூடியது.

ஆசிரியப் பயிற்சிக்குப் போனவர்கள் இன்னொரு கோட்பாட்டைப் படித்திருப்பார்கள். பிராய்டின் இட், ஈகோ, சுப்பர் ஈகோ, அட்லரின் தாழ்வுச் சிக்கல், யுங்கின் அகமுகி, புறமுகி, மாஸ்லோவின் முக்கோணம். பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும் பட்டியல். பட்டியலாகப் படிப்பதால்தான் மறந்துபோகிறது என்பது என் எண்ணம். பிராய்ட் வரைந்த மனிதனுக்கு ஒரு சுவர் உண்டு. அந்தச் சுவருக்குள் அவனுக்கே தெரியாத ஓர் அறை உண்டு. அந்தச் சுவர் நம்மூர் ஆளுக்கும் அதே இடத்தில்தான் நிற்கிறதா? தெற்காசியாவில் ஒரு நூற்றாண்டாக இந்தக் கேள்வி கேட்கப்பட்டு வருகிறது. கேட்டவர்களுள் மூன்று பேர் இலங்கைத் தீவைச் சேர்ந்தவர்கள்.

முதலில் தொடக்கம். 1885 அக்டோபரில் இளம் நரம்பு மருத்துவரான பிராய்ட் பாரிஸுக்குப் போய், சல்பேத்ரியேர் மருத்துவமனையில் நரம்பு மருத்துவர் ஷார்கோ ஹிஸ்டீரியா நோயாளிகளைக் கையாளுவதைப் பார்த்தார். உடலில் ஒரு பழுதும் இல்லாமல் கை விறைக்கிறது, கண் தெரியாமல் போகிறது. அறிதுயிலில் ஆழ்த்தி ஒரு சொல் சொன்னால் சரியாகிறது. ஷார்கோ 1887இல் தன் உதவியாளர் ரிஷேயுடன் சேர்ந்து ஒரு நூல் வெளியிட்டார். பழைய ஐரோப்பிய ஓவியங்களில் பேய் பிடித்தவர்களாகத் தீட்டப்பட்டவர்கள் உண்மையில் ஹிஸ்டீரியா நோயாளிகளே என்பது அதன் வாதம். நவீன உளமருத்துவம் பேயோட்டியின் கையிலிருந்து நோயாளியைப் பறித்துக்கொண்ட தருணங்களுள் இது ஒன்று. பிராய்டும் அந்தப் பக்கமாக மீண்டும் வந்தார். 1923இல், பிசாசுடன் உடன்படிக்கை எழுதிக்கொடுத்த பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் ஒருவரின் ஆவணங்களை ஆராய்ந்து, அந்தப் பிசாசு செத்துப்போன தகப்பனின் இடத்தில் வந்து நிற்கிறது என்று எழுதினார். மன்னாரில் யாரும் இதைக் கேட்டு அதிரமாட்டார்கள். செத்தவர்கள் வந்து பிடிப்பது இங்கே தெரிந்த சங்கதி.

பிராய்ட் பாரிஸுக்குப் போகும் முன்பே, வியன்னாவில் 1880 முதல் 1882 வரை பிரோயர் என்ற மருத்துவர் ஓர் இளம்பெண்ணுக்கு வைத்தியம் பார்த்தார். பின்னர் வந்த நூலில் அவள் பெயர் அன்னா ஓ. உண்மைப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். நோயுற்ற தகப்பனை இரவிரவாகக் கண்விழித்துப் பார்த்தவள். வலக்கை விறைத்தது; தாய்மொழியான ஜெர்மன் வாயிலிருந்து நழுவிப்போய் ஆங்கிலம் மட்டுமே மிஞ்சியது. ஒவ்வோர் அறிகுறியும் முதன்முதல் தோன்றிய சமயத்தை அவள் நினைவுகூர்ந்து சொல்லச் சொல்ல அது தளர்ந்ததாகப் பிரோயர் பதிவு செய்தார். 'பேச்சு வைத்தியம்' என்ற பெயரை அதற்குச் சூட்டியவளும் அவளே. 1895இல் பிரோயரும் பிராய்டும் சேர்ந்து வெளியிட்ட ஹிஸ்டீரியா ஆய்வுகளிலிருந்து உளப்பகுப்பாய்வு கிளைத்தது. மிச்சக் கதை பலரும் அறிந்தது: 1900ஆம் ஆண்டிட்டு வெளிவந்த கனவு நூல், 1902இல் தொடங்கிய புதன்கிழமைக் கூட்டங்கள், 1911இல் அட்லரும் 1913இல் யுங்கும் விலகியது. இவற்றில் நான் நிற்கப்போவதில்லை.

கல்கத்தாவுக்குப் போவோம். கிரீந்திரசேகர போஸ் என்ற வங்காள மருத்துவர் எவரிடமும் பகுப்பாய்வுக்கு உட்படாமல், தானே வாசித்து, தானே முயன்று உளப்பகுப்பாய்வாளர் ஆனவர். மனம் ஆசைகளை அமுக்கிவைப்பது பற்றி 1921இல் வெளியான தன் ஆய்வேட்டைப் பிராய்டுக்கு அனுப்பினார். 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் அவர் வீட்டில் கூடியது. இருவருக்கும் இடையே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கடிதங்கள் போய் வந்தன. நேரில் ஒருமுறையும் சந்திக்கவில்லை. போஸின் சொந்தக் கண்டுபிடிப்பு எதிர்விருப்பக் கோட்பாடு: ஒவ்வோர் ஆசைக்கும் பின்னால் அதற்கு நேரெதிரான ஆசை ஒன்று மறைந்திருக்கிறது; அடிக்க விரும்புபவனுக்குள் அடிவாங்க விரும்புபவனும் இருக்கிறான். 1929இல் அவர் பிராய்டுக்கு எழுதியது இன்னும் துணிச்சலானது. ஐரோப்பிய ஆண் நோயாளிகளை வாட்டும் காயடிப்பு அச்சம் தன் இந்திய நோயாளிகளிடம் அத்தனை தூக்கலாக இல்லை என்றார். பெண்ணாக இருக்க வேண்டும் என்ற ஆசை இங்குள்ள ஆண்களிடம் எளிதாக மேலே வந்துவிடுகிறது என்றார். பிராய்ட் மரியாதையாகப் பதில் எழுதினார், கவனத்தில் வைப்பதாகச் சொன்னார். கோட்பாட்டில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

1931இல் பிராய்டின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குக் கல்கத்தாச் சங்கம் தந்தத்தில் ஒரு விஷ்ணு சிலை அனுப்பியது. மேசையில் வைத்துக்கொண்ட பிராய்ட், நன்றிக் கடிதத்தில் அதை உளப்பகுப்பாய்வு அந்நிய நாடுகளில் அடைந்த வெற்றிகளின் நினைவாகக் குறிப்பிட்டார். வென்றது யார், வெல்லப்பட்டது யார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. பிற்பாடு சிலையில் வெடிப்புக் கண்டது. கல்கத்தாவுக்குப் பழகிய கடவுளுக்கு வியன்னாக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தார். நகைச்சுவைதான். ஆனால் அதே கேள்வியைத் தன் கோட்பாடு கல்கத்தா வெயிலைத் தாங்குமா என்று திருப்பிக் கேட்டுக்கொள்ள அவருக்குத் தோன்றவில்லை.

யுங் நம் பக்கம் நேரில் வந்தார். 1938 தொடக்கத்தில் இந்தியப் பயணத்தில் இருந்தபோது ரமணரைப் போய்ப் பார்க்க வாய்ப்பிருந்தும் திருவண்ணாமலைக்குப் போகாமல் திரும்பினார். அதற்குப் பின்னர் அவர் எழுதிய விளக்கம் நீளமானது, எனக்கு ஏற்புடையதல்ல. நானென்ற முனைப்பு கரைவதைப் பற்றி அவ்வளவு எழுதியவர், கரைந்ததாகச் சொல்லப்பட்ட ஒருவரைக் கண்ணால் பார்த்திருக்கலாம்.

நாட்டாரியலாளர் ஏ. கே. ராமானுஜனின் 'இந்திய ஈடிபஸ்' கட்டுரையை இத்துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். கிரேக்கக் கதையில் மகன் தகப்பனைக் கொல்கிறான். நம் கதைகளில் தகப்பனே மகனை விழுங்குகிறான். யயாதிக்குப் புரு தன் இளமையைத் தாரை வார்க்கிறான். சந்தனுவின் காதலுக்காகப் பீஷ்மர் பெண்ணாசையைத் துறக்கிறார். கட்டுரையின் இந்தப் பாதிதான் பிரபலம். எனக்கு மற்றப் பாதி பெரிது. ராமானுஜன் சேகரித்த கன்னட நாட்டார் கதை ஒன்றில், சொந்த மகனையே மணப்பாள் என்று விதிக்கப்பட்ட பெண் அதிலிருந்து தப்ப ஓடி, ஓடிய வழியிலேயே விதியைப் போய்ச் சேருகிறாள். உண்மை தெரிந்ததும், தொட்டிலில் கிடக்கும் குழந்தையை மகனென்றும் பேரனென்றும் புருஷனின் தம்பியென்றும் தாலாட்டிவிட்டுத் தூக்கில் தொங்குகிறாள். கதை முழுவதும் தாயின் கண்ணால் சொல்லப்படுகிறது. பிராய்டின் ஈடிபஸில் தாய் யொகாஸ்தாவுக்குப் பேச்சே இல்லை. அம்மாவைப் போலப் பெண் தேடிக் குளக்கரையில் குந்தியிருக்கும் நம் பிள்ளையார் கதையையும் ஆய்வாளர்கள் விட்டுவைக்கவில்லை. கணேசரைப் பற்றி 1985இல் உளப்பகுப்பாய்வு நோக்கில் எழுதிய அமெரிக்கர் போல் கோர்ட்ரைட்டுக்குப் பல ஆண்டுகள் கழித்துக் கொலை மிரட்டல் வரை சந்திக்க நேர்ந்தது. அந்தப் பிள்ளையார் கதையோ ஊர்க் கிழவிகள் சிரித்துக்கொண்டே சொல்வது.

பாப்பாமோட்டைப் பேச்சுக்கு மிக நெருங்கி வருபவர் இலங்கையில் பிறந்த தமிழரான வலன்டைன் டானியல். தமிழ் முறைப்படி ஓர் ஆளாக இருப்பது எப்படி என்று ஆராயும் அவருடைய நூல் 1984இல் வந்தது. திருச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் செய்த கள ஆய்வு அதன் அடிப்படை. ஊர் மண்ணின் குணம் அங்கே விளைவதை உண்பவனுக்குள் இறங்குகிறது, வீட்டின் குணம் குடியிருப்பவனோடு கலக்கிறது, ஆகவே ஒத்துவரும் ஊரையும் வீட்டையும் துணையையும் தேடுவதே வாழ்க்கையின் பாதி வேலை என்று அந்த மக்கள் நம்புவதை அவர் துலக்கிக் காட்டினார். இந்த ஆளுக்குத் தோல் உண்டு, சுவர் இல்லை. சைவ சித்தாந்தம் மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்று அந்தக்கரணத்தை நாலாகப் பிரித்ததைப் பிராய்டின் மூன்றோடு பொருத்திப் பார்க்கும் கட்டுரைகளும் நம்மிடையே உண்டு. பெரும்பாலும் 'அன்றே சொன்னார்கள்' வகை. அவற்றால் அறிவு ஏறுவதில்லை. டானியல் நூல்களில் இருந்த தத்துவத்தை விட்டுச் சனத்தின் வாயில் இருந்த தத்துவத்தைக் கேட்டார். அதுதான் அவர் பலம்.

2025 மார்ச்சில் காலமான கணநாத் ஒபயசேகர சிங்களவர். பிராய்டை விடாமல் பற்றிக்கொண்ட மானிடவியலாளர். கதிர்காமத்தில் சடைமுடியை விரித்தபடி ஆடும் ஒரு பெண்ணைக் கண்டு தனக்குள் எழுந்த கலக்கத்திலிருந்தே 1981இல் வெளியான தன் நூலைத் தொடங்குகிறார். பாம்புக் கூந்தல் கொண்ட மெடூசாவின் தலை பற்றிய பிராய்டின் சிறு குறிப்பு அவருக்கு நினைவு வருகிறது. அத்தோடு நின்றிருந்தால் அது கோட்பாட்டை இறக்குமதி செய்த இன்னொரு நூலாக முடிந்திருக்கும். அவர் அந்தத் துறவிப் பெண்களோடு உட்கார்ந்து கதை கேட்டார். குடிகாரப் புருஷன், சாகும்போது பார்க்காமல் விட்ட தாய், அந்தக் குற்றவுணர்வு. பிறகு செத்தவளின் ஆவி வந்து பிடிக்கிறது, உடல் வாடுகிறது. பேயென்று ஓட்ட வருகிறார்கள், அவள் மறுக்கிறாள். மெல்ல மெல்ல அந்த ஆவி தெய்வத்தின் தூதாக மாறுகிறது, சடை விழுகிறது, நேற்று நோயாளியாக இருந்தவள் இன்று குறி சொல்கிறாள். வியன்னாவில் அறிகுறியாகவே நின்றுபோயிருக்கக்கூடியது இங்கே எல்லோரும் அறிந்த ஒரு குறியீட்டோடு சேர்ந்து ஒரு வாழ்க்கையாகிறது. கனவு வேலை செய்வதுபோலப் பண்பாடும் வேலை செய்கிறது என்று 1990இல் வந்த இன்னொரு நூலில் இதை விரித்தார்.

உரு வந்து ஆடுபவளுக்கு ஊசி போட்டுப் படுக்கவைப்பதா, ஆடவிடுவதா என்று வடக்கின் வைத்தியசாலைகளில் நடக்கும் விவாதத்துக்கு ஒபயசேகர மருந்துச்சீட்டு தரவில்லை. ஆட்டம் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்க்கச் சொன்னார். சிலருக்குச் சேருவதேயில்லை, அவர்களுக்கு மருந்து வேண்டும். நூல் கட்டிக்கொண்டு, மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்துக்கொண்டு, மாதாமாதம் கிளினிக்குக்கும் போய் வரும் குடும்பங்கள் இந்த மூன்றுக்கும் இடையே முரண் காண்பதில்லை. முரண் காண்பவர்கள் நாம்.

போரோடு, ஆளின் சுவர் எங்கே என்ற கேள்வி வேறு வடிவில் வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் 1998இல் எழுதிய நூல் காயப்பட்ட மனங்களைப் பற்றியது; 2014இல் எழுதியது காயப்பட்ட சமுதாயங்களைப் பற்றியது. இடையிலான பதினாறு ஆண்டுகளில் அவர் பார்வை எங்கே நகர்ந்தது என்பதை இரு நூல்களின் பொருளே சொல்லும். அவரிடம் வந்தவர்கள் 'எனக்கு மனவடு' என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. பெருமூச்சு, நெஞ்சுப் பதற்றம், உடம்பு உளைவு, 'ஒரே யோசனை' என்றுதான் வந்தார்கள். தனியாளை உட்காரவைத்துப் பேசினால் தீராத ஒன்று குடும்பத்தில், ஊரில், ஒருவரை ஒருவர் நம்புவதில் உடைந்திருப்பதை அவர் கண்டு எழுதினார். கூட்டு மனவடு என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது. மாந்தை மேற்கு ஊர்கள் 2008இல் வெறிச்சோடி, சனம் கிழக்கே கிழக்கே தள்ளப்பட்டு, எஞ்சியவர்கள் 2009இல் மெனிக்பாம் முகாமுக்குள் வந்து சேர்ந்ததை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குணம் ஊரிலிருந்து ஏறுவது என்றால், ஊர் போனபோது போனது வீடு மட்டுமல்ல.

ஆனால் பிராய்டைக் கைகழுவிவிடவும் முடியாது. 1917இல் வெளியான துயரம் பற்றிய அவர் கட்டுரை இந்தக் கரையில் படிக்க வேண்டியது. இழந்தவர் இனி இல்லை என்று மெய்ம்மை திரும்பத் திரும்பச் சொல்கிறது. மனம் கொஞ்சம் கொஞ்சமாக, நினைவு நினைவாக, பற்றை விடுவிக்கிறது. அதுதான் துயரத்தின் வேலை என்றார். காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவிக்கு மெய்ம்மை ஒன்றுமே சொல்வதில்லை. ஆடி அமாவாசைக்குத் திருக்கேதீச்சரத்துப் பாலாவியில் பிதிர்க்கடன் கழிப்பதா? கழித்தால் அவன் செத்துப்போனான் என்று ஆகிறது. பொட்டை அழிப்பதா? கத்தோலிக்க வீடென்றால் பூசைக்குக் கருத்துக் கொடுக்கும்போது ஆன்ம சாந்திக்கென்று எழுதுவதா, சுகமாகத் திரும்ப என்று எழுதுவதா? அமெரிக்கரான பவுலின் பாஸ் இந்த நிலைக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் தந்தார்; 1999இல் அதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். முடிவு காண வற்புறுத்தாதீர்கள் என்பதே அவருடைய அறிவுரையின் சாரம்.

பிராய்டும் தன் 1917ஆம் ஆண்டுக் கோட்பாட்டில் நிலைத்து நிற்கவில்லை. மகள் சோஃபி 1920 ஜனவரியில் இறந்தாள். 1929இல், அவளுக்கு முப்பத்தாறு வயது நிறைந்திருக்க வேண்டிய நாளன்று, மகனை இழந்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடத்தை எதைக் கொண்டும் நிரப்ப முடியாது, நிரம்பினாலும் அது வேறொன்றாகவே இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். பற்றை விடுவித்தல் என்ற பேச்சே அதில் இல்லை.

உளவளத்துணைப் பயிற்சிகளில் இன்னும் செல்வாக்கோடு இருப்பது கூப்ளர்-ரோஸின் ஐந்து படிகள். 1969இல் அவர் அதைச் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடமிருந்து எடுத்தார். இருப்பவர்களின் துக்கத்துக்கு அது பின்னர் நீட்டப்பட்டது. ஐந்தாவது படி, ஏற்றுக்கொள்ளல். இங்கே எதை ஏற்றுக்கொள்வது? 2016இல் சட்டம் திருத்தப்படும் வரை இங்கே காணாமற்போனவரின் குடும்பத்துக்குப் பெறக்கூடியதாக இருந்தது இறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். அதன் பிறகே ஆள் இல்லை என்பதற்கு மட்டுமான சான்றிதழ் வந்தது. மகனைப் படையினரிடம் கையால் ஒப்படைத்த தாய் இறப்புச் சான்றிதழில் ஒப்பமிட்டால், எங்கே என் பிள்ளை என்று கேட்கும் அவளுடைய வழக்கில் அவளே எதிர்ச்சாட்சி ஆகிறாள். ஒப்பமிட அவள் மறுப்பதை நோயின் அறிகுறியாகக் கோப்பில் எழுதுவதற்கு முன் உளவளத்துணையாளர் அந்தச் சான்றிதழ்ப் படிவத்தை ஒருமுறை வாசிப்பது நல்லது.